ஒரே பத்தியில் வாசிப்பும் பேச்சும்: ஐஇஎல்டிஎஸ் தேர்வுக்குப் பயிற்சி செய்யும் முறை

ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் ஐஇஎல்டிஎஸ் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் பலரும் வாசிப்புக்குத் தனியாகவும் பேச்சுக்குத் தனியாகவும் நேரம் ஒதுக்குகிறார்கள். வாசிப்பு நேரத்தில் மாதிரித் தாள்களை ஒன்றன்பின் ஒன்றாக எழுதி மதிப்பெண் எண்ணுகிறார்கள். பேச்சு நேரத்தில் வேறு யாரோ எழுதிக் கொடுத்த விடைகளை மனப்பாடம் செய்கிறார்கள். இதில் உழைப்பு நிறைய இருக்கிறது, பலன் குறைவாக இருக்கிறது. வாசித்துப் புரிந்துகொண்ட பத்தியையே மூடி வைத்துவிட்டு வாய்விட்டுச் சொல்லிப் பழகினால் இரண்டு பயிற்சியும் ஒன்றாக நடக்கும் என்பதே நான் இங்கே சொல்ல விரும்புவது.

முதலில் தேர்வின் அமைப்பு. அகாடமிக் பிரிவில் (உயர்கல்வி, தொழில்முறைப் பதிவு ஆகியவற்றுக்கானது) வாசிப்புத் தாளுக்கு 60 நிமிடம்; மூன்று பகுதிகள், 40 கேள்விகள். தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்கப்படுவதில்லை என்பதால் எந்தக் கேள்வியையும் வெறுமையாக விடக் கூடாது. ஏறக்குறைய 30 விடைகள் சரியாக இருந்தால் 7 பேண்ட் (தேர்வில் தரப்படும் தர அளவு) கிடைக்கும். பிரிட்டனில் செவிலியராகப் பதிவு செய்ய விரும்புகிறவர்களுக்கு வாசிப்பிலும் பேச்சிலும் இந்த 7 தேவைப்படுகிறது. பேச்சுத் தேர்வு 11 முதல் 14 நிமிடம் வரை ஒரு தேர்வாளருடன் நேருக்கு நேர் நடக்கும். அறிமுகக் கேள்விகள், ஓர் அட்டையில் தரப்படும் தலைப்பைப் பற்றி இரண்டு நிமிடம் வரை பேசுவது, அதையொட்டிய விரிவான உரையாடல் என்று அது மூன்று பகுதிகளாகச் செல்லும்.

வாசிப்பில் தமிழர்களை அதிகம் தடுமாற வைப்பது கடினமான சொற்கள் அல்ல, வாக்கியத்தின் அமைப்புதான். தமிழில் ஒரு பெயர்ச்சொல்லைப் பற்றிய விவரம் முழுவதும் அந்தச் சொல்லுக்கு முன்னால் வந்துவிடும். ஆங்கிலத்தில் நீண்ட விவரம் பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் வரும், வாக்கியத்தின் முதன்மை வினை அதற்கும் பிறகுதான் வரும். 'தி வெல்ஸ் டக் பை தி கிங்ஸ் ஆஃப் தி ரீஜன் சப்ளை வாட்டர் ஈவன் டுடே' என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அவசரமாக வாசிக்கிறவர் 'டக்' என்பதை முதன்மை வினையாகக் கொண்டு, கிணறுகள் எதையோ தோண்டின என்று தொடங்கி, 'சப்ளை' என்ற இடத்தில் வந்து திகைத்து நிற்பார். உண்மையில் 'டக்' முதல் 'ரீஜன்' வரை உள்ள அனைத்தும் கிணறுகளைப் பற்றிய விவரமே. 'அப்பகுதி அரசர்கள் தோண்டிய கிணறுகள் இன்றும் நீர் தருகின்றன' என்பதே பொருள். ஆகவே நீண்ட வாக்கியம் எதிர்ப்பட்டால் எழுவாயின் கீழும் அதன் உண்மையான வினையின் கீழும் மட்டும் கோடு போட்டு, இடையில் உள்ளதைப் பென்சிலால் வளைத்துவிடுங்கள். தினமும் பத்து வாக்கியங்களை இப்படிப் பிரித்துப் பார்த்தால், சில வாரங்களில் பென்சில் இல்லாமலே கண் அந்த வேலையைச் செய்யத் தொடங்கிவிடும். இதற்கு ஆங்கில நாளிதழ்களின் அறிவியல், சுற்றுச்சூழல் கட்டுரைகள் பொருத்தமானவை. தலையங்கத்தை முதல் மாதத்தில் தொட வேண்டாம். அதில் செய்தியை விட வாதம் அதிகம், பின்னணி தெரியாதவருக்கு அது தேவையற்ற சுமை.

அடுத்த தடை 'டிரூ, ஃபால்ஸ், நாட் கிவன்' வகைக் கேள்வி; அதாவது ஒரு கூற்று பத்தியின்படி சரியா, தவறா, பத்தியில் சொல்லப்படவே இல்லையா என்று கேட்பது. '1990களுக்குப் பிறகு அம்மாவட்டத்தின் பெரும்பாலான விவசாயிகள் பருத்தியைக் கைவிட்டு மக்காச்சோளத்துக்கு மாறினர்' என்று பத்தியில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 'விவசாயிகளில் பாதிக்கும் குறைவானவர்களே பருத்தியைக் கைவிட்டனர்' என்ற கூற்று பத்தியோடு நேராக மோதுகிறது, எனவே அது ஃபால்ஸ். 'பருத்தியில் நட்டம் ஏற்பட்டதால் அவர்கள் மாறினர்' என்ற கூற்றுக்குப் பத்தியில் ஆதாரமும் இல்லை, மறுப்பும் இல்லை, எனவே அது நாட் கிவன். விவசாயக் குடும்பத்தில் பிறந்தவருக்கு நட்டத்தால்தான் மாறியிருப்பார்கள் என்று தோன்றுவது இயல்பே; ஆனால் இங்கே நமக்குத் தெரிந்தது எதுவும் செல்லாது, பத்தியில் உள்ளது மட்டுமே செல்லும். பயிற்சியின்போது ஒவ்வொரு விடைக்கு எதிரிலும் அதற்கு ஆதாரமான வரியின் எண்ணைக் குறித்து வையுங்கள். எண் குறிக்க முடியாத விடை, சரியாக அமைந்திருந்தாலும், ஊகமே.

நேரத்தைப் பொறுத்தவரை மூன்றாம் பகுதி பெரும்பாலும் கடினமாக இருப்பதால் 17, 20, 23 நிமிடம் என்று பிரித்துக்கொள்வது நல்லது. விடைகளை விடைத்தாளுக்கு மாற்றி எழுத வாசிப்பில் தனி நேரம் கிடையாது.

இனிப் பேச்சு. விடைகளைச் சரிபார்த்த பிறகு அதே பகுதியிலிருந்து ஒரு பத்தியை எடுத்து, ஒருமுறை உரக்க வாசித்து, தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அதன் சாரத்தை ஒரு நிமிடம் உங்கள் சொந்த ஆங்கிலத்தில் சொல்லி, கைபேசியில் பதிவு செய்யுங்கள். பிறகு அப்பொருளைப் பற்றி 'ஏன்', 'முன்பு எப்படி இருந்தது', 'இனி எப்படி மாறும்' என்று மூன்று கேள்விகளை நீங்களே கேட்டுக்கொண்டு விடை சொல்லுங்கள். பேச்சுத் தேர்வின் மூன்றாம் பகுதியில் வருபவை பெரும்பாலும் இத்தகைய கேள்விகளே. வாசிப்பில் சந்தித்த சொல் அன்றைக்கே வாயில் ஒருமுறை புழங்கிவிட்டால் அது உங்கள் சொல்லாகிவிடும். நோட்டில் எழுதி வைத்த சொற்பட்டியல் தேர்வறையில் கைகொடுப்பதில்லை.

பதிவை இரண்டு முறை கேளுங்கள். முதல் முறை எங்கே நின்றுவிடுகிறீர்கள் என்பதை மட்டும் கவனியுங்கள். இரண்டாம் முறை தமிழ் நாக்குக்கே உரிய பிழைகளைத் தேடுங்கள். அம்மாவை 'அவங்க' என்று சொல்லிப் பழகியவர் அவசரத்தில் 'தே' என்று சொல்லிவிடுவார்; 'ஷீ' என்று வர வேண்டும். 'எனக்கு இரண்டு அண்ணன்கள் இருக்கிறார்கள்' என்பது 'ஐ ஆம் ஹேவிங்' என்று வந்துவிடும். 'ஐ ஹேவ்' என்பதே சரி. 'புக்கு', 'லைட்டு' என்று இறுதியில் உகரம் ஒட்டிக்கொள்வதும், குடிக்கும் காபியும் நகல் எடுக்கும் காப்பியும் ஒரே ஒலியாகக் கேட்பதும், 'வாக்ட்' என்பது 'வாக்கெட்' ஆவதும் அடிக்கடி நேர்பவை. தமிழ்ச் சாயல் இருப்பதற்காக யாரும் மதிப்பெண்ணைக் குறைப்பதில்லை, எனவே வெள்ளைக்காரரைப் போலப் பேச முயல வேண்டாம். கேட்பவருக்குச் சிரமமின்றிப் புரிந்தால் போதும். ஒரு வாரத்துக்கு ஒரு பிழையை மட்டும் எடுத்துத் திருத்துங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் திருத்த முயல்கிறவர் பேசவே அஞ்சத் தொடங்கிவிடுகிறார், அதைப் பார்க்கும்போது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது.

இரண்டாம் பகுதிக்கான அட்டை கையில் வந்ததும் குறிப்பெடுக்க ஒரு நிமிடம் தருவார்கள். அந்த நிமிடத்தில் முழு வாக்கியங்களை எழுத முயல்கிறவருக்கு ஒன்றரை வாக்கியத்துக்கு மேல் தேறாது. இடம், ஆள், நடந்தது, மனதில் நின்றது என்று நான்கு சொற்களை மட்டும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் அரை நிமிடம் பேசிப் பழகுங்கள். ஒரே தலைப்பை மூன்று நாள் தொடர்ந்து, முந்தைய பதிவைக் கேட்காமல், புதிதாகப் பேசுங்கள். சொற்கள் ஒவ்வொரு நாளும் மாறும். அப்படி மாறுவதுதான் மனப்பாடத்துக்கும் பேச்சுக்கும் உள்ள வேறுபாடு. மனப்பாடம் செய்த விடையைத் தேர்வாளர்கள் எளிதில் கண்டுகொள்வார்கள்.

பேசிப் பழகத் துணை கிடைத்தால் வாரத்துக்கு இரண்டு நாள் போதும். தேர்வு எழுதும் தோழியோ வீட்டில் இருக்கும் தம்பியோ, ஆங்கிலம் சுமாராகத் தெரிந்த யாராக இருந்தாலும் கேள்வியை வாசித்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். நடுவில் குறுக்கிட்டுத் திருத்தக் கூடாது என்று மட்டும் முன்பே சொல்லி வையுங்கள். கேள்வி புரியாதபோது 'குட் யூ ரிபீட் தட், ப்ளீஸ்?' என்று தயங்காமல் கேட்பதையும் அந்தத் துணையுடனேயே பழகிக்கொள்ளுங்கள், ஏனென்றால் தேர்வறையில் அப்படிக் கேட்பதற்கு அனுமதி உண்டு.