தேயிலை விலை இறங்கிய வருஷம் தீபாவளிச் செலவைச் சுருக்குவது எப்படி?

கோத்தகிரிப் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். தீபாவளிச் சாமான் சீட்டைப் பார்த்தாலே அந்த வீட்டுக்குத் தேயிலை போட்ட பணம் எவ்வளவு வந்திருக்கும் என்று தெரிந்துவிடும். பணம் குறைந்தால் கடலை மாவு பாதியாகும், முந்திரி காணாமல் போகும். பட்டாசும் துணியும் மட்டும் போன வருஷ அளவிலேயே நிற்கும், கடனிலாவது. சுருக்க வேண்டியது அங்கேதான்.

முதலில் கையில் வரும் பணம் எது என்று பாருங்கள். எஸ்டேட் தொழிலாளிக்குப் போனஸ் சட்டப்படி குறைந்தது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20 சதவீதம் என்று ஒரு கணக்கு உண்டு. சிறு விவசாயிக்கு அதெல்லாம் கிடையாது. பாக்டரிக்குப் போட்ட பச்சை இலைக்கு அடுத்த மாதம் வருவதுதான் வருமானம். மாதம் 600 கிலோ போடுகிறவருக்கு, உதாரணத்துக்குச் சொல்கிறேன், கிலோ 22 ரூபாயிலிருந்து 19க்கு இறங்கினால் 13,200 ரூபாய் 11,400 ஆகிறது. 1,800தானே என்று தோன்றும். பறிகூலியும் உர விலையும் கூடவே இறங்குமா? இறங்காது. அந்த 1,800 முழுக்கக் கையில் மிஞ்சுகிற காசிலிருந்துதான் போகும். அதனால் கூலி, உரம், பிள்ளைகள் ஃபீஸ் எல்லாம் கழித்த மிச்சத்தை ஒரு தாளில் எழுதுங்கள். துணிக்கடைக்குப் போகும்போது அந்தத் தாள் பையில் இருக்கட்டும்.

தேதியும் முக்கியம். 2025ல் தீபாவளி அக்டோபர் 20. 2026ல் நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. அக்டோபர் இலைப் பணம் அதற்குள் வந்துவிடும் என்று நம்பிக் கடன் சொல்லாதீர்கள்; பணம் விழும் நாளை இலை எடுக்கும் ஏஜெண்டிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பட்டாசு: தமிழ்நாட்டில் வெடிக்க அனுமதி காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8, அவ்வளவுதான். நம் மலையில் அது வடகிழக்குப் பருவமழைக் காலம். மாலை மழை பிடித்தால் மிச்சம் ஒரு மணி நேரம். ஒரு மணி நேரத்துக்கு எத்தனை பெட்டி வேண்டும்? கம்பி மத்தாப்பும் பூச்சட்டியும் போதும்.

பலகாரத்தைச் சுத்தமாக நிறுத்தாதீர்கள், அளவை மட்டும் குறையுங்கள். கீழ்நாட்டுக்காரர்கள் பதினைந்து நாள் வைத்துத் தின்கிற முறுக்கு இங்கே பனிமூட்டத்தில் சீக்கிரம் நமத்துப்போகும். அதிரசம் கொஞ்சம் தாங்கும். எண்ணெயைக் கடைசி வாரத்தில் வாங்காதீர்கள். 2024 செப்டம்பரில் இறக்குமதி வரியை ஏற்றினார்கள். பண்டிகைக்கு முன்பே பாமாயிலும் சூரியகாந்தி எண்ணெயும் ஏறிவிட்டன. ஆடியிலிருந்தே மாதம் ஒரு லிட்டராக எடுத்து வைத்தால் வலி தெரியாது. நெய்க்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 12லிருந்து 5 சதவீதம். பில்லைப் பாருங்கள், என் கடையிலும்தான்.

துணி எடுக்க மேட்டுப்பாளையத்துக்குக் குடும்பத்தோடு இறங்குகிறார்கள். நான்கு பேர் பஸ் சார்ஜ், மத்தியானச் சாப்பாடு, பிள்ளை கேட்கும் ஐஸ்கிரீம் எல்லாம் சேர்த்தால் மிச்சம் பிடித்தது அதிலேயே போய்விடும். மழைக்கு ரோட்டில் மண் சரிந்தால் திரும்பி வருவதும் சந்தேகம். அளவுச் சட்டையோடு ஒருவர் போய் வந்தால் போதும். (துணி நான் விற்பதில்லை, அதனால் நம்பலாம்.) பெரியவர்கள் இந்த வருஷம் விடலாம்; பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு செட். தவணையில் எடுப்பதும் நகையை அடகு வைத்து எடுப்பதும் வேண்டாம். இலை விலை கார்த்திகையில் ஏறும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

தலைத் தீபாவளி இருக்கிற வீட்டில் மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டை எடுத்தே ஆக வேண்டும். மோதிரம் போடுவதாக வாய்விட்டிருந்தால், சம்பந்தியிடம் ஐப்பசி பிறப்பதற்குள் போனைப் போட்டு, “அண்ணி, மோதிரம் தைக்குத் தள்ளிப்போகும்” என்று சொல்லிவிடுங்கள். அவர்களும் இலை போடுகிறவர்கள்தான் என்றால் பேச்சு ரெண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும்.