தண்ணீர் டிரம்மில் ஒலியின் வேகத்தை அளப்பது எப்படி?

பாளையங்கோட்டையில் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல் டியூஷன் எடுக்கிறேன். ஒலி பாடம் வந்தால் பாதிப் பேர் 'வேகம் = அதிர்வெண் × அலைநீளம்' என்று ஒப்பித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு அது பொறுக்காது. வீட்டிலேயே அளந்து பார்க்கக்கூடிய விஷயம் அது.

முதலில் ஒன்று. ஒலி போகும்போது காற்று கூடவே போவதில்லை. ஆனித் தேரோட்டத்தன்று ரதவீதிக் கூட்டத்தில் பின்னால் ஒருவர் இடித்தால், அந்த இடி ஆள் மாறி ஆள் மாறி முன்னால் போய்ச் சேரும். இடித்தவர் அங்கேயேதான் நிற்பார். காற்றிலும் நெருக்கமும் நெகிழ்வும் மாறி மாறி இப்படித்தான் நகர்கின்றன. ஒரு நெருக்கத்துக்கும் அடுத்த நெருக்கத்துக்கும் இடையிலுள்ள தூரம் அலைநீளம். ஒரு நொடியில் எத்தனை நெருக்கங்கள் கடக்கின்றனவோ அது அதிர்வெண்.

சரி, வேலைக்கு வருவோம். பிளம்பரிடம் கேட்டால் மிஞ்சிய ஓரங்குல பிவிசி குழாய் கிடைக்கும். 70 சென்டிமீட்டருக்குக் குறையாமல் வாங்குங்கள். டிரம்மில் விளிம்பு வரை தண்ணீர் நிரப்புங்கள். மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் நம் ஊரில் கொதித்துக் கிடக்கும். அதை நிழலில் நன்றாக ஆறவிட்ட பிறகே தொடங்க வேண்டும். குழாய்க்குள் இருக்கும் காற்றையும் அது சூடாக்கிவிடும்.

போனில் டோன் ஜெனரேட்டர் செயலியை இறக்கி 512 ஹெர்ட்ஸ் வையுங்கள். குழாயைத் தண்ணீருக்குள் முக்கால்வாசிக்கு மேல் இறக்கி, அதன் வாய்க்கு ஒரு விரல் உயரத்தில் ஸ்பீக்கரைப் பிடியுங்கள். போனைப் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும், தண்ணீரில் விழுந்துவிடக் கூடாது. இப்போது குழாயை மெல்ல மேலே தூக்குங்கள். தண்ணீருக்கு மேலே 16 சென்டிமீட்டர் சொச்சம் வரும்போது சத்தம் சட்டென்று பொங்கி எழும். உள்ளே இருக்கும் காற்றும் அதே அதிர்வெண்ணில் சேர்ந்து அதிர்கிறது, இதுதான் ஒத்ததிர்வு. என் பெரியப்பா வில்லுப்பாட்டில் குடம் அடித்தவர். குடத்தின் வாயில் மட்டை விழும்போது எழுகிற அந்தக் 'கும்' ஒலியிலும் அடைபட்ட காற்றின் பங்கு உண்டு.

தண்ணீர் மட்டத்தில் குழாய் மேல் மார்க்கரால் கோடு போடுங்கள். இன்னும் தூக்கினால் 50 சென்டிமீட்டரை ஒட்டி மறுபடி பொங்கும். அங்கும் ஒரு கோடு. இரண்டு கோடுகளுக்கும் இடையில் பாதி அலைநீளம் இருக்கிறது. 34.2 வந்தால் அலைநீளம் 0.684 மீட்டர், 512 ஆல் பெருக்கினால் நொடிக்கு 350 மீட்டர்.

குழாயின் வாயிலிருந்து முதல் கோடு வரை கால் அலைநீளம்தானே, அதை மட்டும் அளந்து நான்கால் பெருக்கி அலைநீளமாக எடுத்தால் என்ன என்று கேட்பார்கள். அப்படிச் செய்தால் வேகம் 334 அளவில்தான் வரும். அலை குழாயின் வாயோடு நின்றுவிடாமல் கொஞ்சம் வெளியேயும் நீள்கிறது. இரண்டு கோடுகளின் வித்தியாசத்தை எடுத்தால் அந்தப் பிழை தானாகக் கழிந்துவிடும்.

அப்புறம், 340 என்று எங்கேயோ படித்ததை நினைத்துக்கொண்டு உங்கள் அளவைத் திருத்தாதீர்கள். இதை நான் கெஞ்சியே கேட்பேன். 0 டிகிரியில் ஒலியின் வேகம் 331; ஒவ்வொரு டிகிரி கூடும்போதும் ஏறத்தாழ 0.6 கூடும். நம் ஊர் 32 டிகிரிக்கு 350 தான் சரி. சூடான காற்றில் மூலக்கூறுகள் வேகமாக ஓடுவதால் இடியும் சீக்கிரம் கைமாறுகிறது. மார்கழி விடியலில் 22 டிகிரியிலும் சித்திரை மத்தியானம் 38 டிகிரியிலும் அளந்தால் கோடுகளின் இடைவெளி கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் மாறும். சாதாரண ஸ்கேலே அதைக் காட்டிவிடும்.

கடைசியாக 600 ஹெர்ட்ஸ் வைத்து மறுபடி செய்யுங்கள். இடைவெளி 29 சென்டிமீட்டர் அளவுக்குச் சுருங்கும், வேகம் அதே 350 இல் நிற்கும். இரண்டு கணக்கையும் அன்றைய வெப்பநிலையோடு நோட்டில் எழுதி வையுங்கள்.