கொலை வழக்கில் தீர்ப்பு சரிதானா என்று விவாதிக்க அமர்வோருக்கு

மதுரையில் விவாதம் என்றாலே பட்டிமன்றம்தான் நினைவுக்கு வரும். இரண்டு அணிகள், ஒரு நடுவர், இரவு பத்து மணிக்குள் ஒரு தீர்ப்பு என்ற அந்த அமைப்பின் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால், ஊரையே உலுக்கிய ஒரு கொலை வழக்கில் தண்டனை பெற்றவர் உண்மையிலேயே குற்றவாளிதானா, அல்லது தவறாகத் தண்டிக்கப்பட்டாரா என்று பேச அமரும்போது அந்த அமைப்பு உதவாது. பட்டிமன்றத்தில் அணி முதலில் வருகிறது, சான்று அதற்குப் பிறகு வருகிறது. தல்லாகுளத்தில் நண்பர் ஒருவரின் மாடி அறையில் மாதம் ஒரு முறை கூடி, முடிந்துபோன வழக்குகளின் தீர்ப்புகளைப் படித்துப் பேசிவருகிறோம். தொடக்கத்தில் நாங்களும் அணி பிரித்தோம். மூன்றாவது கூட்டத்தில், தன் அணிக்கு எதிரான ஒரு சாட்சியத்தைத் தெரிந்தே சொல்லாமல் விட்டதாக ஓர் இளைஞர் ஒப்புக்கொண்டபோது அந்த முறையைக் கைவிட்டோம். இதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்காக, நாங்கள் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

விசாரணை நடந்துகொண்டிருக்கும் வழக்கையோ மேல்முறையீடு நிலுவையில் உள்ள வழக்கையோ எடுக்காதீர்கள். நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு என்ற சட்டச் சிக்கல்கள் ஒருபுறம் இருக்க, சாட்சி சொல்ல வேண்டியவர் உங்கள் தெருவிலேயே இருக்கக்கூடும், நீங்கள் பேசுவது அவர் காதில் விழக்கூடும். முதல் வழக்காக நான் பரிந்துரைப்பது லட்சுமிகாந்தன் கொலை வழக்கு. 1944 நவம்பர் 8 அன்று சென்னை வேப்பேரியில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டு, மறுநாள் மருத்துவமனையில் இறந்தார். அந்த வழக்கில் எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதாகி, ஜூரிகளின் பெரும்பான்மை முடிவின்படி 1945-இல் ஆயுள் தண்டனை பெற்றார்கள். சென்னை உயர் நீதிமன்றம் அவர்களின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. அந்நாளில் இந்தியாவுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் அந்த மேல்முறையீட்டை மறுபடியும் விசாரிக்கும்படி திருப்பி அனுப்ப, அதே உயர் நீதிமன்றம் 1947 ஏப்ரலில் இருவரையும் விடுவித்தது. சாட்சிகள் மாறவில்லை, ஆவணங்கள் மாறவில்லை. அவற்றை எடைபோட்ட கைகள்தான் மாறின. ஒரே சான்றிலிருந்து இரண்டு முடிவுகள் எப்படிப் பிறக்கின்றன என்பதைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வழக்கு தமிழ்நாட்டில் எனக்குத் தெரியவில்லை.

கூட்டத்தில் யாரும் வாயைத் திறப்பதற்கு முன்பே இரண்டு கேள்விகளைப் பிரித்துக் கரும்பலகையில் எழுதிவிட வேண்டும். அவர் செய்தாரா என்பது ஒரு கேள்வி. அவர் செய்ததாக நிரூபிக்கப்பட்டதா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கான விடை பெரும்பாலும் நமக்குக் கிடைக்காது, இரண்டாவதற்கான விடையைத் தாள்களிலிருந்து தேடலாம். பாதிச் சண்டைகள் இந்த இரண்டும் குழம்புவதால்தான் வருகின்றன: ஒருவர் "நிரூபிக்கவில்லை" என்று சொல்வதை மற்றவர் "அவர் உத்தமர்" என்று சொன்னதாக எடுத்துக்கொண்டு கொதிக்கிறார். கூடவே, "நெருப்பில்லாமல் புகையுமா" என்பதையும் "ஆயிரம் குற்றவாளிகள் தப்பினாலும் ஒரு நிரபராதி தண்டிக்கப்படக் கூடாது" என்பதையும் கூட்டத்தில் சொல்ல நாங்கள் அனுமதிப்பதில்லை. முதலாவது சந்தேகத்தையே சான்றாக்குகிறது, இரண்டாவது சான்றைப் பார்க்காமலேயே விடுதலை கொடுக்கிறது. இரண்டுமே தாளைப் புரட்டும் உழைப்பிலிருந்து தப்பிக்கும் வழிகள்தான்.

அடுத்ததாகத் தீர்ப்பைக் கையில் எடுங்கள். நாளிதழ்ச் செய்தியும் யூடியூப் காணொளியும் தீர்ப்பு ஆகிவிடாது. உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் அவற்றின் இணையதளங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. 2004 ஜூலையில் மதுரைக் கிளை திறக்கப்பட்ட பிறகு நம் பக்கத்து மாவட்டங்களின் மேல்முறையீட்டுத் தீர்ப்புகளும் அங்கிருந்தே வருகின்றன. பெரும்பாலானவை ஆங்கிலத்தில் இருப்பதால், படிக்கத் தெரிந்த ஒருவர் பத்தி பத்தியாகத் தமிழில் சொல்ல, மற்றவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு சாட்சிக்கும் ஒரு தாள் ஒதுக்கி, அவர் முதல் விசாரணையில் சொன்னது, குறுக்கு விசாரணையில் சொன்னது, பிறழ்சாட்சியாக மாறினாரா என்பது என்று மூன்று பகுதிகளாகப் பிரித்து எழுதுங்கள். இது அலுப்பான வேலைதான் என்றாலும், இதைச் செய்யாதவர்கள் பேசும்போது தங்கள் நினைவில் தங்கியதை மட்டுமே பேசுகிறார்கள்.

தாள்களில் எங்கே விரலை வைப்பது என்பதற்கு என் அனுபவத்தில் சில இடங்கள் உண்டு. முதலில் முதல் தகவல் அறிக்கையின் நேரத்தைப் பாருங்கள். அது எத்தனை மணிக்குப் பதிவானது என்பதோடு, நீதித்துறை நடுவரின் கைக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தது என்பதையும் பாருங்கள். நடுவர் அதன் மேல் நேரம் குறித்துக் கையெழுத்திடுவார். இரவு எட்டு மணிக்குப் பதிவானதாகச் சொல்லப்படும் அறிக்கை மறுநாள் மாலைதான் நடுவரிடம் போயிருக்குமானால், நடுவில் கழிந்த அந்த நேரத்தில் யாருடைய பெயர் சேர்ந்தது, யாருடைய பெயர் விடுபட்டது என்று கேட்கும் உரிமை எதிர்த்தரப்புக்கு உண்டு. தாமதத்துக்கு நியாயமான காரணமும் இருக்கலாம். அதையும் தேடித்தான் ஆக வேண்டும்.

இரண்டாவது, ஒப்புதல் வாக்குமூலம். "குற்றத்தை ஒப்புக்கொண்டார்" என்று நாளிதழில் வந்துவிட்டால் ஊர் அத்துடன் தன் விசாரணையை முடித்துவிடுகிறது. காவல்துறை அதிகாரியிடம் சொன்ன ஒப்புதலைச் சான்றாகக் கொள்ள முடியாது என்று 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும் அதையே தொடர்கிறது. முக்கியமான விதிவிலக்கு ஒன்று உண்டு: அந்தப் பேச்சினால் ஏதேனும் ஒரு பொருளோ செய்தியோ கண்டுபிடிக்கப்பட்டால், அதற்கு நேரடியாகத் தொடர்புள்ள பகுதியை மட்டும் ஏற்கலாம். 1946-இல் புலுக்குரி கோட்டையா வழக்கில் பிரிவி கவுன்சில் இதைத் தெளிவாக விளக்கியது. "என் வீட்டுக் கூரையில் ஒளித்து வைத்த கத்தியை எடுத்துத் தருகிறேன்" என்று சொல்லி அப்படியே கத்தி கிடைத்தால், கத்தி அங்கே இருந்ததும் அது அவருக்குத் தெரிந்திருந்ததும் சான்றாகும். "அந்தக் கத்தியால்தான் குத்தினேன்" என்ற சொற்கள் சான்றாகா. அந்தக் கத்திதான் கொலைக்குப் பயன்பட்டது என்பதை வேறு வழியில் நிரூபிக்க வேண்டும். ஆகவே கூட்டத்தில் யாராவது "கத்தியையே எடுத்துக் கொடுத்தானே" என்றால், அதில் இருந்தது யாருடைய இரத்தம், எந்த ஆய்வகம் சொன்னது, பொருளைக் கைப்பற்றியதைப் பதிவு செய்யும் மகஜரில் கையெழுத்திட்ட சாட்சிகள் நீதிமன்றத்தில் என்ன சொன்னார்கள் என்ற மூன்றையும் கேளுங்கள். சிலம்பை உடைத்து, உள்ளே முத்தா மாணிக்கமா என்று பார்க்காமல், பொற்கொல்லன் சொல்லை மட்டும் நம்பியதால் ஒரு வணிகனின் தலை போனதாகக் கதை சொல்லும் ஊர் நம்முடையது. கைப்பற்றிய பொருளை யார் திறந்து பார்த்தார்கள் என்ற கேள்வி நமக்குப் புதிதாக இருக்கக் கூடாது.

இதோடு சேர்ந்த இன்னொன்று, நம் மாநிலத் தீர்ப்புகளில் அடிக்கடி எதிர்ப்படுவது: கிராம நிர்வாக அலுவலரிடம் போய்க் குற்றவாளி தானாகவே ஒப்புக்கொண்டதாகச் சொல்லப்படும் வாக்குமூலம். அவர் காவல்துறை அதிகாரி இல்லை என்பதால் அந்தத் தடை அங்கே பொருந்தாது. ஆனால், முன்பின் பழக்கமில்லாத ஓர் அலுவலரைத் தேடிப் போய் ஒருவர் தன் உயிரையே பணயம் வைக்கும் உண்மையை ஏன் சொல்ல வேண்டும்? அவர்களுக்குள் முன்பழக்கம் இருந்ததா, தலையாரி உடன் இருந்தாரா, காவல் நிலையத்துக்கு எப்போது தகவல் போனது என்பதையெல்லாம் பார்க்காமல் இந்த வாக்குமூலத்தை எந்தப் பக்கமும் எடைபோட முடியாது.

நேரில் பார்த்த சாட்சியைப் பற்றிப் பேசும்போது, அறையைவிட்டு வெளியே வாருங்கள். ஒரு வழக்கில், தெருவிளக்கு வெளிச்சத்தில் அறுபதடி தூரத்திலிருந்து முகத்தைப் பார்த்ததாக ஒரு சாட்சி சொல்லியிருந்தார். நாங்கள் ஏழு பேர் ஒன்பது மணிக்கு மேல் வைகைக் கரைச் சாலைக்குப் போய், ஒரே ஒரு கம்பத்தின் அடியில் மூன்று பேரை நிற்கவைத்து, நாடா பிடித்து அளந்து அறுபதடி தள்ளி நின்று பார்த்தோம். எங்கள் குழுவின் மூத்தவரை அவருடைய நடையால் எல்லோரும் கண்டுகொண்டோம். அன்றுதான் முதன்முதலாக வந்திருந்த இருவரை எங்களால் மாற்றி மாற்றித்தான் சொல்ல முடிந்தது. விளக்கு தலைக்கு மேலே இருந்ததால் புருவத்தின் நிழல் விழுந்து கண்கள் இருந்த இடம் கறுத்துக் கிடந்தது. அன்று இரவு அந்தச் சாட்சி பொய் சொன்னார் என்று நாங்கள் முடிவு செய்யவில்லை. அவர் குற்றம் சாட்டப்பட்டவரை முன்பே அறிந்தவரா என்ற கேள்வி, அதுவரை எங்கள் தாளில் ஓர் ஓரத்தில் இருந்தது, நடுவுக்கு வந்தது. அடையாள அணிவகுப்பு நடந்ததா, அதற்கு முன்பே படம் நாளிதழில் வந்துவிட்டதா என்று தேடத் தொடங்கியதும் அதற்குப் பிறகுதான்.

நேரில் பார்த்தவர் இல்லாத வழக்குகளில் சூழ்நிலைச் சாட்சியம்தான் எல்லாம். 1984-இல் சரத் பிர்திசந்த் சார்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த ஐந்து நெறிகளை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். ஒவ்வொரு சூழ்நிலையும் முழுமையாக நிலைநாட்டப்பட வேண்டும், அவை குற்றம் என்ற முடிவோடு மட்டுமே பொருந்த வேண்டும், உறுதியான தன்மை உடையவையாக இருக்க வேண்டும், வேறு எல்லாச் சாத்தியங்களையும் விலக்க வேண்டும், சங்கிலி அறுபடாமல் இருக்க வேண்டும் என்பவை அவை. நடைமுறையில் முதல் நெறியே பல வாதங்களை நிறுத்திவிடுகிறது: "இருக்கலாம்" என்பது வேறு, "இருந்தே தீர வேண்டும்" என்பது வேறு என்று அந்தத் தீர்ப்பு அழுத்திச் சொல்கிறது. கூட்டத்தில் பேசுபவர் எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார் என்று ஒருவர் குறித்துக்கொண்டே இருக்கட்டும்.

உச்ச நீதிமன்றமே உறுதி செய்த பிறகு நாம் என்ன பேசுவது என்று கேட்பவர்கள் உண்டு. மகாராஷ்டிரத்தில் 2003-இல் நடந்த ஒரு கொடூரக் கொலை வழக்கில், நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஏழைத் தொழிலாளர்கள் 6 பேருக்கும் 2009-இல் மரண தண்டனை விதித்த அதே உச்ச நீதிமன்றம், 2019-இல் மறுஆய்வின்போது 6 பேரையும் விடுவித்து, ஆளுக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. உயிர் தப்பிய சாட்சி ஒருவர் காவல்துறையின் படத்தொகுப்பிலிருந்து முதலில் வேறு 4 பேரை அடையாளம் காட்டியிருந்ததும், விசாரணை அந்தத் திசையில் போகாததும் அதற்குப் பிறகுதான் உரிய எடையைப் பெற்றன. மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. 2007 மே 9 அன்று மதுரை தினகரன் அலுவலகம் தாக்கப்பட்டு 3 ஊழியர்கள் இறந்த வழக்கில் 2009-இல் 17 பேரும் விடுதலையானார்கள். பத்தாண்டு கழித்து உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவர்களில் 9 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. விடுதலையும் தவறாகப் போகலாம் என்பதை மனத்தில் கொள்ளாதவர் இந்த விவாதத்தில் பாதியைத்தான் பார்க்கிறார்.

இறந்தவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒரு கூட்டத்தின் முடிவில், அதுவரை பின்வரிசையில் பேசாமல் உட்கார்ந்திருந்த ஒரு பெரியம்மா எழுந்து, "ஏப்பா, ரெண்டு மணி நேரமா பேசுறீக, செத்தவுக பேர ஒருத்தரும் சொல்லலையே" என்றார். அவருக்கும் அந்த வழக்குக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அன்று முதல், இறந்தவர் யார், என்ன வயது, என்ன தொழில், யாரை விட்டுச் சென்றார் என்று வாசித்த பிறகே தொடங்குகிறோம். லட்சுமிகாந்தன் வழக்கில் இது இன்னும் அவசியம். திரையுலகினரின் அந்தரங்கத்தை எழுதிப் பிழைத்தவர் என்பதால், அவர் கொல்லப்பட்டது சரி என்ற தொனி பேச்சில் எளிதாகப் புகுந்துவிடும். பாகவதரின் குரலை நேசிப்பவர்கள்தான் அதில் அதிகம் வழுக்குகிறார்கள். நானும் ஒரு முறை வழுக்கியிருக்கிறேன். அவருடைய எழுத்து எப்படிப்பட்டது என்பது யாருக்கெல்லாம் கொலை நோக்கம் இருந்திருக்கலாம் என்ற கேள்விக்கு மட்டும் உதவும்; நோக்கம் பலருக்கு இருக்கும்போது அதன் எடை ஒருவர் மேல் குறைகிறது.

கூட்டத்தை வாக்கெடுப்போடு முடிக்காதீர்கள். ஒரு பொது நோட்டில் மூன்று வாக்கியங்கள் எழுதச் செய்யுங்கள்: ஐயமின்றி நிலைநாட்டப்பட்டதாக நாம் எல்லோரும் ஏற்பது எது, ஏற்காதது எது, இன்னும் பார்க்காத ஆவணம் எது. மூன்றாவது வாக்கியத்துக்கு ஒருவர் பொறுப்பேற்று, அந்த ஆவணத்தைத் தேடிக் கொண்டுவர ஒப்புக்கொண்டு தன் பெயரை அதன் பக்கத்தில் எழுத வேண்டும். அடுத்த மாதம் அவர் பேச, கூட்டம் அங்கிருந்து தொடங்கும்.