திடப்படுத்தல் வகுப்புக்குப் பெயர் கொடுக்கும் முன்

திடப்படுத்தல் என்பது சபைக்கு முன் நின்று விசுவாசத்தைத் தானே அறிக்கை செய்து ஏற்பது. ஒவ்வொரு வருடமும் அதற்கான வகுப்பு தொடங்கிய இரண்டாம் வாரத்தில், எல்லாரும் கிளம்பிப் போன பிறகு யாராவது ஒரு பிள்ளை தயங்கி நின்று இதே கேள்வியைக் கேட்பது வழக்கமாகிவிட்டது. "அண்ணா, திடப்படுத்தல் இப்பவே எடுக்கணுமா, இல்ல காலேஜ் முடிச்சிட்டு எடுக்கலாமா?" தூத்துக்குடிப் பக்கம் ஒரு சின்ன ஊரில் 12 வருடமாக ஓய்வுநாள் பள்ளியில் சொல்லிக் கொடுக்கிறேன். கிறிஸ்தவ வீட்டில் பிறந்த பிள்ளைகள் மட்டும் அல்ல, வேறு வீடுகளிலிருந்து வந்து கடைசி பெஞ்சில் உட்காருகிற ஒன்றிரண்டு பேரும் ஞானஸ்நானத்தைப் பற்றி இதையே கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்குத் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கேள்விக்குள் இரண்டு விஷயம் ஒட்டிக்கிடக்கிறது, அதைப் பிரித்துவிடுங்கள். கிறிஸ்துவோடு நடக்கத் தொடங்குவது ஒன்று. சபைக்கு முன் நின்று "இது என் விசுவாசம்" என்று வாக்குக் கொடுப்பது இன்னொன்று. முதலாவதை இன்றைக்கே தொடங்கலாம், யாரிடமும் அனுமதி வேண்டியதில்லை, வயதும் கணக்கில்லை. இரண்டாவதற்கு மட்டும் பொறுமை வேண்டும். நான் பார்த்த குழப்பத்தில் பெரும்பாதி, இந்த இரண்டையும் ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்று பெரியவர்கள் பிள்ளைகளை நெருக்குவதால் வருவதுதான்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். 14 வயதில், என் செட்டுப் பையன்கள் எல்லாரும் எடுக்கிறார்கள் என்று நானும் பெயர் கொடுத்தேன். பத்துக் கட்டளை, கர்த்தருடைய ஜெபம், விசுவாசப் பிரமாணம் மூன்றையும் மனப்பாடமாக ஒப்பித்தோம். வெள்ளைச் சட்டை தைத்தார்கள். பேராயர் தலையில் கைவைத்து ஜெபித்தார், வீட்டில் பிரியாணி. அடுத்த ஒன்பது வருடம் நான் கோயிலுக்குப் போனது கிறிஸ்துமஸுக்கும் அசனம் என்கிற சபை விருந்துக்கும் மட்டும். அன்றைக்கு நான் என்ன வாக்குக் கொடுத்தேன் என்று யாரும் எனக்கு விளக்கவில்லை, நானும் கேட்கவில்லை. 23 வயதில் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, இரவு வராந்தாவில் உட்கார்ந்து மாற்கு சுவிசேஷத்தைக் கையில் எடுத்தேன், அப்போதுதான் அது எனக்கு எழுதப்பட்டது போல் இருந்தது. அந்த ஒன்பது வருடத்தை நான் இழந்தேன் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அதனால்தான் இதில் எனக்கு இவ்வளவு அக்கறை.

சரி, உங்கள் நிலை எது என்று பாருங்கள்.

சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) மாதிரியான சபைகளில் பிறந்தவர் என்றால் குழந்தையிலேயே ஞானஸ்நானம் கொடுத்திருப்பார்கள். அன்று உங்கள் சார்பில் பெற்றோரும் ஞானப்பெற்றோரும் வாக்குக் கொடுத்தார்கள். திடப்படுத்தலில் அந்த வாக்கை நீங்கள் உங்கள் வாயால் எடுத்துக்கொள்கிறீர்கள். கத்தோலிக்கர் என்றால் புதுநன்மையும் (முதல் நற்கருணை) உறுதிபூசுதலும் (திடப்படுத்தலுக்கு அவர்கள் சொல்லும் பெயர்) அதே வழியில் வரும். பெந்தெகொஸ்தே சபைகளில் குழந்தைக்கு ஞானஸ்நானம் இல்லை, விசுவாசத்தை அறிக்கை செய்த பிறகு தண்ணீரில் முழுக்கு ஞானஸ்நானம். இந்த மூன்றில் எந்த வழியில் நீங்கள் நிற்கிறீர்கள் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு கன்வென்ஷன் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்த வேகத்தில், "குழந்தையில் எடுத்தது செல்லாது" என்று அம்மாவிடம் சண்டை போட்டு மறுபடி முழுக்கு எடுக்க ஆற்றுக்குப் போன பிள்ளைகளை எனக்குத் தெரியும். அந்தக் கேள்வி பெரிய கேள்விதான், சபைகள் நூற்றாண்டுகளாக விவாதிக்கிற கேள்வி. அதனாலேயே அதை ஒரு ராத்திரியில் தீர்க்கக் கூடாது.

இப்போது தள்ளிப்போடுவதைப் பற்றி. தள்ளிப்போட நேர்மையான காரணமும் உண்டு, சாக்கும் உண்டு. "எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை, பொய் சொல்ல மனசில்லை" என்று ஒரு பிள்ளை சொன்னால் அதன் தலையைத் தடவி, காத்திரு என்பேன். இயேசுவே அப்படித்தான் சொன்னார், கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவுக் கணக்குப் பார்க்க மாட்டானா என்று, லூக்கா 14-ல் இருக்கிறது. ஆனால் "படிப்பு முடியட்டும், வேலை கிடைக்கட்டும், கொஞ்ச நாள் ஜாலியாக இருந்துவிட்டு வருகிறேன்" என்பது வேறு. ஆண்டவர் நம் சந்தோஷத்தைப் பறிக்க வருகிறவர் என்ற எண்ணம் அதற்கு அடியில் இருக்கிறது. அந்த எண்ணம் சரியா என்று பாருங்கள், தேதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

"நீ உன் வாலிபப்பிராயத்திலே உன் சிருஷ்டிகரை நினை" என்ற வசனத்தை எல்லா வாலிபர் கூட்டத்திலும் பேனரில் போடுகிறார்கள். பிரசங்கி 12:1. அதன் மீதிப் பாதியை யாரும் வாசிப்பதில்லை. "எனக்குப் பிரியமானவைகளல்ல என்று நீ சொல்லும் வருஷங்கள் சேராததற்குமுன்னும்" என்று போகிறது அது. சாவு வருமுன் என்று அங்கே பயமுறுத்தவில்லை. எதிலும் ருசி இல்லாமல் போகும் காலம் வருமுன், ஆசைப்படவும் அழவும் கேள்வி கேட்கவும் திராணி இருக்கும்போதே வா என்று கூப்பிடுகிறது. 17 வயதில் உங்களுக்குள் இருக்கிற கோபம், தாகம், நியாய உணர்ச்சி, இதையெல்லாம் கொண்டுதான் அவரிடம் வர வேண்டும். எல்லாம் ஆறிப்போன பிறகு கொண்டுபோய்க் கொடுக்க என்ன மிச்சம் இருக்கும்?

தள்ளிப்போடுவது புதுப் பழக்கமும் இல்லை. நான்காம் நூற்றாண்டில், ஞானஸ்நானத்துக்குப் பிறகு செய்யும் பாவம் அதிக கனமானது என்ற பயத்தில் பலர் அதைக் கடைசிவரை ஒத்திவைத்தார்கள். கான்ஸ்டன்டைன் பேரரசர் 337-ல் மரணப்படுக்கையில்தான் எடுத்தார். பிற்காலத்தில் திருச்சபையின் பெரிய இறையியலாளரான அகுஸ்தீனார் சிறுவனாக இருந்தபோது வயிற்றுநோயில் சாகக் கிடந்து, ஞானஸ்நானம் வேண்டும் என்று கேட்டார். தாய் மோனிக்கா ஏற்பாடு செய்தார், அதற்குள் உடம்பு தேறிவிட்டது, சரி அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டார்கள். அந்த அப்புறம் வந்தது 387-ல், மிலான் நகரில், அவருக்கு 32 வயதில். அன்றைக்கே கொடுத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று அவரே பிற்காலத்தில் வருத்தப்பட்டு எழுதியிருக்கிறார்.

அதற்காக அவசரப்படச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சாது சுந்தர் சிங்கைப் பாருங்கள். பஞ்சாபில் சீக்கியக் குடும்பத்தில் பிறந்து, சிறுவயதில் வேதாகமத்தை எரித்த பையன். 1904 டிசம்பரில் ஒரு விடியற்காலையில் கிறிஸ்துவின் தரிசனம் கண்டதாகச் சொன்னவர், சிம்லாவில் ஞானஸ்நானம் எடுத்தது 1905 செப்டம்பர் 3, அவருடைய 16-வது பிறந்தநாளில். தரிசனம் கண்டவருக்கே ஒன்பது மாதம் இடைவெளி இருந்தது, அந்த மாதங்களில் வீட்டாரின் எதிர்ப்பு முழுவதையும் தாங்கினார். நம் பக்கத்துக் கவிஞர் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை வைணவக் குடும்பம். 1853-ல் சாயர்புரத்தில் மிஷன் பள்ளிக்குத் தமிழாசிரியராகப் போய், வருடக்கணக்கில் கிறிஸ்தவர்கள் நடுவில் வாழ்ந்து பார்த்துவிட்டு, 1858-ல் சென்னையில் 30 வயதுக்கு மேல்தான் ஞானஸ்நானம் எடுத்தார். ஒருவருக்கு மாதங்கள், ஒருவருக்கு வருடங்கள். ஆனால் இரண்டு பேருமே அந்த நாட்களில் சும்மா இருக்கவில்லை.

நீங்களும் சும்மா இருக்காதீர்கள். நான் பிள்ளைகளுக்குச் சொல்லும் வழி இது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் போனை வேறு அறையில் வைத்துவிட்டு மாற்கு சுவிசேஷத்தை ஒரே மூச்சில் வாசியுங்கள், 16 அதிகாரம்தான், ஒரு சினிமா பார்க்கிற நேரம்கூட ஆகாது. பழைய மொழிபெயர்ப்பு கடினமாக இருந்தால் எளிய தமிழ் வேதாகமம் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் மத்தேயு 5 முதல் 7 வரை. பிறகு லூக்கா 15. வாசிக்கும்போது புரியாததையும் பிடிக்காததையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், பிடிக்காததைக் கட்டாயம் எழுதுங்கள். தினமும் பத்து நிமிடம், வீட்டில் பேசுகிற அதே தமிழில் ஜெபியுங்கள். "நீர் இருக்கிறீரா என்று எனக்குத் தெரியவில்லை" என்று தொடங்கினாலும் அது ஜெபம்தான். மூன்று மாதம் இப்படி.

மூன்று மாதம் ஏன் என்றால், ஆரம்பச் சூடு எல்லாம் அதற்குள் ஆறிவிடும். முகாமின் கடைசி இரவில், விளக்கை அணைத்து, கீபோர்டு மெதுவாக வாசிக்க, "ஒப்புக்கொடுக்கிறவர்கள் கை உயர்த்துங்கள்" என்னும்போது உயர்த்திய கை பொய் என்று சொல்ல மாட்டேன், அந்தக் கண்ணீர் உண்மையானதாக இருக்கலாம். ஆனால் வாக்கு கொடுக்கும் நாள் அதுவல்ல. அதேபோல் பரீட்சையில் பாஸானால் எடுக்கிறேன் என்ற பொருத்தனை, காதலிக்கிற பெண்ணின் வீட்டில் சம்மதிக்க வேண்டும் என்பதற்காக எடுக்கும் ஞானஸ்நானம், ஃபீஸ் கட்டுகிறோம் என்று யாராவது சொன்னதற்காக எடுப்பது, இந்த மூன்றையும் செய்யவே செய்யாதீர்கள். காதலுக்காக எடுத்தவர்களில் பின்னால் உண்மையாகவே விசுவாசிகளானவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனாலும் ஆண்டவரை ஒரு கல்யாணப் பத்திரிகைக்கான சான்றிதழாக்குவது அவருக்கும் மரியாதை இல்லை, அந்தப் பெண்ணுக்கும் மரியாதை இல்லை.

அந்த நோட்டை எடுத்துக்கொண்டு போய் போதகரிடமோ, அவருக்கு உதவும் உபதேசியாரிடமோ உட்காருங்கள். கேள்வி கேட்டால் கோபப்படுகிறவரிடம் வகுப்புக்குப் போக வேண்டாம், பொறுமையாகப் பேசுகிற இன்னொருவரைத் தேடுங்கள். வேதத்தைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள், சபையைப் பற்றியும் கேளுங்கள். நம் சபைகளில் சாதி இருக்கிறது. சில ஊர்களில் கல்லறைத் தோட்டம்கூடத் தனித்தனி. தேர்தல் என்றால் அடிதடி வரை போகிற இடங்களும் இருக்கின்றன. இதை உள்ளே வந்த பிறகு கண்டுபிடித்து மனமுடைந்து போன இளைஞர்களை நான் பார்த்துவிட்டேன். முன்கூட்டியே கண்ணைத் திறந்து பாருங்கள், பார்த்த பிறகும் கிறிஸ்து உங்களை இழுக்கிறார் என்றால், இந்த அழுக்கைக் கழுவ வேண்டிய கைகளில் உங்கள் கையும் ஒன்று என்று தெரிந்தே வருவீர்கள்.

வேறு மதக் குடும்பத்திலிருந்து வருகிற தம்பி தங்கைகளுக்குத் தனியாகச் சில வார்த்தை. 18 வயது ஆகவில்லை என்றால் பெற்றோருக்குத் தெரியாமல் ஞானஸ்நானம் எடுக்காதீர்கள். ரகசியமாகக் கொடுக்கிறேன் என்று சொல்கிற யாரையும் நம்பாதீர்கள். வாசிக்கலாம், ஜெபிக்கலாம், அதற்கு இடையில் வீட்டில் முன்னைவிட நல்ல பிள்ளையாக இருங்கள். அம்மா சமைத்து வைத்ததை இகழாதீர்கள், தாத்தா கும்பிடும் சாமியைக் கேலி செய்யாதீர்கள். வீட்டில் சொல்லும் நாள் வரும்போது முதலில் அம்மாவிடம், தனியாக, சத்தம் இல்லாத நேரத்தில் சொல்லுங்கள். அவர்கள் அழுவது உங்களை இழந்துவிடுவோமோ என்ற பயத்தில்தான், அதற்கு வசனத்தால் பதில் சொல்லாதீர்கள்.

பட்டியலினத்தைச் சேர்ந்தவர் என்றால் சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியலினத் தகுதி இந்து, சீக்கியர், பௌத்தர்களுக்கு மட்டும்தான். கிறிஸ்தவராக மாறினால் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போவீர்கள். ஞானஸ்நானம் எடுத்துவிட்டு சான்றிதழில் மட்டும் பழையபடி இருப்பதை உச்ச நீதிமன்றம் 2024-ல் புதுச்சேரி வழக்கு ஒன்றில் மறுத்திருக்கிறது. இந்த ஏற்பாடு அநியாயம் என்பதுதான் என் எண்ணம், மதம் மாறினால் தீண்டாமை மாறிவிடுவதில்லை. ஆனாலும் படிப்பும் வேலையும் இதில் இருப்பதால், யாரும் சொல்லவில்லையே என்று பின்னால் நீங்கள் கலங்கக் கூடாது.

பெற்றோர்களே, உங்கள் வேலை ஒன்று இருக்கிறது. பவுலோடு ஊழியம் செய்த இளைஞர் தீமோத்தேயுவின் விசுவாசம் பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் முதலில் இருந்தது என்று பவுல் எழுதுகிறார். வீட்டில் பார்த்து வளர்ந்தது. பிள்ளை "இந்த வருடம் வேண்டாம், எனக்கு இன்னும் புரியவில்லை" என்றால் ஊர் என்ன சொல்லும் என்று பார்க்காதீர்கள். அந்த வார்த்தையைச் சொல்லும் பிள்ளை, ஒப்பித்துவிட்டுப் போகும் பிள்ளையைவிட அந்த வாக்கை மதிக்கிறது. அடுத்த வருடம் வரை குடும்ப ஜெபத்தில் அதன் கேள்விகளுக்கு இடம் கொடுங்கள்.

இதை 35, 40 வயதில் வாசிக்கிறவர்களும் இருப்பீர்கள். மத்தேயு 20-ல் இயேசு சொன்ன திராட்சத் தோட்டக் கதையில், நாள் முடியும் நேரத்தில், பதினோராம் மணி வேளையில் வேலைக்கு வந்தவனுக்கும் காலையிலிருந்து உழைத்தவனுக்குக் கொடுத்த அதே ஒரு பணம்தான் கூலி. நட்டாலத்து நீலகண்ட பிள்ளை, திருவிதாங்கூர் அரண்மனை அதிகாரி, தொடர்ந்து நஷ்டப்பட்டு மனம் நொந்திருந்தபோது டச்சுத் தளபதி டிலனாய் அவருக்கு எல்லாம் இழந்தும் ஆண்டவரை விடாத யோபுவின் கதையைச் சொன்னார். 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் எடுத்து தேவசகாயம் ஆனபோது அவருக்கு 33 வயது. 1752 ஜனவரியில் ஆரல்வாய்மொழி காட்டாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். அவருக்குக் கிடைத்தது ஏழே வருடம், 2022-ல் ரோமில் அவரைப் புனிதர் என்று அறிவித்தார்கள். தாமதமாகிவிட்டதே என்று நினைக்கிறவர்கள் நான் முன்னால் சொன்ன அந்தச் சனிக்கிழமையிலிருந்து தொடங்குங்கள்.

மூன்று மாதம் முடிந்ததும் ஒரு வெள்ளைத்தாள் எடுத்து, கிறிஸ்து எனக்கு யார் என்று வசனம் எதையும் கடன் வாங்காமல் பத்து வரி எழுதிப் பாருங்கள். எழுத வந்தால் போய்ப் பெயர் கொடுங்கள், வயது 15 ஆனாலும் சரி. வராவிட்டால் தாளை மடித்து வேதத்துக்குள் வைத்துவிட்டு இன்னும் மூன்று மாதம் வாசியுங்கள், அடுத்த ஞாயிறும் கோயிலுக்கு வாருங்கள். வகுப்பு முடிந்த பிறகு நான் அரைமணி நேரம் அங்கேதான் இருப்பேன்.