வேகமாக வளரும் மென்பொருள் நிறுவனத்தில் சேருமுன் கணக்கிட வேண்டியவை

சென்னையில் 2010-இல் தொடங்கப்பட்ட ஃப்ரெஷ்வொர்க்ஸ் நிறுவனத்தின் பங்குகள் 2021 செப்டம்பர் 22 அன்று அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் பட்டியலிடப்பட்டபோது, தம் ஊழியர்களில் 500-க்கும் மேற்பட்டோர் கோடீசுவரர்கள் ஆகிவிட்டதாக அதன் நிறுவனர் கிரிஷ் மாத்ருபூதம் தெரிவித்தார். வளரும் நிறுவனம் ஒன்றிலிருந்து வேலைக்கு அழைப்பு வரும்போதெல்லாம் நம் இளைஞர்களின் கண்முன் நிற்பது இந்த எண்தான். ஆனால் 36 டாலருக்கு வெளியிடப்பட்ட அதே பங்கு அடுத்த ஆண்டிலேயே அதில் பாதி விலைக்கும் கீழே இறங்கியது. 2024 நவம்பரில் அந்நிறுவனம் ஏறத்தாழ 660 பேரைப் பணியிலிருந்து நீக்குவதாக அறிவித்தது. ஆகவே நிறுவனத்தின் வளர்ச்சியில் நம் கைக்கு வந்து சேரக்கூடியது எவ்வளவு என்பதைச் சேருவதற்கு முன்பே கணக்கிட்டுவிட வேண்டும்.

முதலில் பணி நியமனக் கடிதத்தில் உள்ள சி.டி.சி. தொகையை, அதாவது நிறுவனம் உங்களுக்காக ஓராண்டில் செய்யும் மொத்தச் செலவை, பிரித்து எழுதுங்கள். மாதந்தோறும் வங்கிக் கணக்கில் சேரும் பணம், கிடைத்தால் கிடைக்கும் ஊக்கத்தொகை, நிறுவனம் செலுத்தும் வருங்கால வைப்பு நிதி, பங்குகளின் மதிப்பு ஆகியவை தனித்தனி வரிகளில் இருக்கட்டும். வாடகையும் கடன் தவணையும் ஊருக்கு அனுப்பும் பணமும் முதல் வரியில் உள்ள மாதப் பணத்துக்குள் அடங்கவில்லையென்றால், பங்குகளை நம்பிச் சேராதீர்கள்.

பங்குகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் ஏமாறுவது இங்கேதான். ஊழியர்களுக்கு நிறுவனம் தரும் ஈசாப் (ESOP) என்பது பங்கு அன்று. குறித்த விலையில் பங்கை வாங்கிக்கொள்ளும் உரிமை மட்டுமே. பெரும்பாலும் அது நான்கு ஆண்டுகளில் சிறிது சிறிதாக உங்களுடையதாகும். முதல் ஆண்டு முடியுமுன் விலகினால் எதுவும் கிடைக்காது. உங்களுக்கு 1,000 பங்குகளை 10 ரூபாய் வீதம் வாங்கும் உரிமை இருக்கிறது என்றும், வாங்கும் நாளில் ஒரு பங்கின் மதிப்பு 500 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். நிறுவனத்துக்கு 10,000 ரூபாய் செலுத்த வேண்டும். மொத்த மதிப்பான 5,00,000 ரூபாயில் மீதமுள்ள 4,90,000 ரூபாய் சம்பள வருமானமாகக் கருதப்படுவதால், 30 சதவீத வரி வரம்பில் இருப்பவர் செஸ் என்னும் கூடுதல் வரி நீங்கலாகவே 1,47,000 ரூபாய் வரி கட்ட நேரிடும். நிறுவனம் சந்தையில் பட்டியலிடப்படாவிட்டால் அந்தப் பங்குகளை எளிதில் விற்கவும் முடியாது. தகுதிபெற்ற சில புத்தொழில் நிறுவனங்களின் ஊழியர்கள் இந்த வரியைத் தள்ளிப்போட முடியும். உங்கள் நிறுவனம் அந்த வகையில் வருகிறதா என்று எழுத்து மூலம் கேளுங்கள். விலகினால் எத்தனை நாள்களுக்குள் வாங்க வேண்டும் என்பதையும் கேளுங்கள். பல நிறுவனங்களில் அது 90 நாள்கள்தான்.

நிறுவனத்தின் நிலையை வெளியிலிருந்தும் ஓரளவு அறியலாம். வருங்கால வைப்பு நிதி அமைப்பின் இணையதளத்தில் நிறுவனத்தின் பெயரைத் தேடினால், எந்த மாதத்தில் எத்தனை ஊழியர்களுக்குப் பணம் செலுத்தப்பட்டது என்று தெரியும். செலுத்தும் நாள் தள்ளிக்கொண்டே போனாலோ, ஆள் எண்ணிக்கை மாதாமாதம் குறைந்தாலோ, நேர்காணலில் கேட்ட வளர்ச்சிக் கதையை மறுபடி விசாரியுங்கள்.

இத்தனை எச்சரிக்கைக்குப் பிறகும், இத்தகைய இடத்தில் சில ஆண்டுகள் வேலை பார்ப்பதை நான் மனமாரப் பரிந்துரைக்கிறேன். பெரிய நிறுவனத்தில் ஒரு மூலையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய வயதில், இங்கே மென்பொருளின் ஒரு வசதியை வடிவமைத்து, எழுதி, வெளியிட்டு, அது பழுதானால் வாடிக்கையாளரிடம் பதில் சொல்வது வரை முழுவதையும் கற்கலாம். அந்த வாய்ப்பு தானாக வருவதில்லை. முதல் மூன்று மாதங்களுக்குள், சிறியதாயினும் முழுப் பொறுப்புள்ள ஒரு வேலையைக் கேட்டு வாங்குங்கள். மென்பொருள் பழுதானால் இரவில் வரும் அழைப்புக்கு யார், எந்த முறையில் பொறுப்பு என்பதையும் அப்போதே கேட்டுத் தெளிவுபடுத்துங்கள். முறை வகுக்கப்படாத இடத்தில் அந்தச் சுமை புதிதாக வந்தவர் தலையிலேயே விழும்.

நான் பணியாற்றிய ஒரு நிறுவனத்தில் பதினான்கு மாதங்களுக்குள் மூன்று மேலாளர்கள் மாறினார்கள். மூன்றாமவர் என் ஊதிய உயர்வை முடிவு செய்தபோது, நான் முன்பு செய்த எதுவும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அன்றிலிருந்து இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை, செய்த வேலையையும் அதன் பயனையும் ஐந்து வரிகளில் எழுதி மேலாளருக்கு மின்னஞ்சல் அனுப்பும் பழக்கத்தை நான் விட்டதில்லை. மேலாளர் மாறும் நாளில் அந்தக் கடிதங்களைத் தொகுத்துப் புதியவருக்கு அனுப்பிவிடுங்கள்.