படிகாரத்தை அச்சிட்டு மஞ்சிட்டியில் சிவப்பு எடுப்பது எப்படி?

அச்சுத் துணி என்றதும் மரக்கட்டையைச் சாயத்தில் தொட்டுத் துணியில் பதிப்பது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். குஜராத்தின் கட்ச் பகுதி அஜ்ரக், ஆந்திராவின் பெடனா ஊர் அச்சுக் கலம்காரி என்ற அச்சுத் துணிகள் இரண்டிலும் பழைய முறைச் சிவப்பு அப்படி வருவதில்லை. கட்டை பதிப்பது படிகாரத்தை. நிறம் பிறப்பது மஞ்சிட்டி வேர்ச் சாயம் காயும் பானையில், படிகாரம் பட்ட இடத்தில். துவைத்தாலும் போகாத இந்த வண்ணங்களுக்கு இருந்த கிராக்கியைத் தாங்க முடியாமல்தான் பிரான்ஸ் 1686-இல் இந்திய அச்சுத் துணிகளுக்குத் தடை போட்டது.

சரி, 100 கிராம் பருத்தித் துணி எடுங்கள். சலவை சோடா போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க வைத்து அலசினால் கஞ்சி போய்விடும்.

20 கிராம் கடுக்காய்ப் பொடியை இரண்டு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் கலக்கி, துணியை அரை மணி நேரம் ஊறவையுங்கள். பிழிந்து, அலசாமல் வெயிலில் போடுங்கள். இளமஞ்சளாகக் காயும். படிகாரம் பருத்தியில் பிடிப்பதற்கு இந்தத் துவர்ப்புதான் உதவுகிறது.

அப்புறம் பசை. 100 மில்லி வெந்நீரில் 10 கிராம் படிகாரத்தைக் கரைத்து, புளியங்கொட்டை மாவைத் தூவித் தூவிக் கூழாகக் காய்ச்சுங்கள். கரண்டியிலிருந்து தேன் போல வழிய வேண்டும். படிகாரத்துக்கு நிறமில்லை, பதித்த இடம் தெரிய ஒரு சிட்டிகை காவி போதும். அச்சிட்டு மூன்று நாள் காயவிடுங்கள்.

அடுத்த வேலையில்தான் பொறுமை வேண்டும். ஒட்டாத படிகாரத்தை ஓடும் தண்ணீரில் அலச வேண்டும். மடிப்பு விழக்கூடாது. நான் முதல் தடவை வாளித் தண்ணீரில் முக்கி எடுத்தேன்; பூக்களைச் சுற்றியெல்லாம் சிவப்பு கசிந்து துணியே வீணானது. தண்ணீரில் இரும்புச்சத்து அதிகமிருந்தாலும் சிவப்பு மங்கும். 2001 கட்ச் நிலநடுக்கத்துக்குப் பிறகு அங்குள்ள தமட்கா கிராமத்து அச்சுக்காரர்களில் பலர் நல்ல தண்ணீர் தேடித்தான் அஜ்ரக்பூர் என்ற புது ஊருக்குக் குடிபெயர்ந்தார்கள்.

50 கிராம் மஞ்சிட்டிப் பொடியை முந்தின இரவே ஊறவையுங்கள். மறுநாள் எவர்சில்வர் பானையில் தண்ணீரோடு ஊற்றி, துணியைப் போட்டு, ஒரு மணி நேரம் மெல்லச் சூடேற்றுங்கள். கொதி வரக்கூடாது. குச்சியால் புரட்டிக்கொண்டே இருங்கள். வெறும் மஞ்சள் துணியில் முதலில் மங்கலான ஆரஞ்சு இதழ்கள் தெரியும். பிறகு ஒவ்வொரு புரட்டலுக்கும் சிவப்பு ஏறும். எத்தனை தடவை செய்தாலும் இந்த நிமிடத்துக்காக நான் காத்திருப்பேன்.

அச்சில்லாத இடமும் லேசாகச் சிவந்திருக்கும். அலசிப் புல்தரையில் விரித்து, காயவிடாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டே சில நாள் வெயில் காட்டுங்கள். அச்சில்லாத இடம் வெளுக்கும், பூ அப்படியே நிற்கும்.