பழைய கேசட் டெக்கை ஓடவிடும் முன்

பல ஆண்டுகள் ஓடாமல் கிடந்த கேசட் டெக் கைக்கு வந்தவுடன், நெஞ்சுக்கு நெருக்கமான கேசட்டைப் போட்டுக் கேட்கும் ஆசையைச் சற்று அடக்கிக்கொள்வது நல்லது; ஏனெனில் இவற்றில் முதலில் கெடுவது பெரும்பாலும் மின்னணுப் பகுதி அல்ல, மோட்டாரின் சுழற்சியைக் கடத்தும் ரப்பர் பெல்ட்தான். அது தளர்ந்து பாட்டை இழுவையாக்கலாம், அல்லது தார்போல உருகிச் சக்கரங்களில் ஒட்டியிருக்கலாம். உருகிய பிசினை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் முற்றிலும் துடைத்தெடுத்த பிறகே புதிய பெல்ட்டை மாட்ட வேண்டும். சிறிது எஞ்சினாலும் சுருதி அலையும். பொறுமை தேவைப்படும் இந்த வேலையே சீரமைப்பில் பாதி என்பது என் கருத்து.

நாடாவிலிருந்து ஒலியைப் படிக்கும் ஹெட்டையும், நாடாவைச் சீராக இழுக்கும் கேப்ஸ்டன் தண்டையும், பஞ்சில் பழுப்புக் கறை படிவது நிற்கும் வரை அதே திரவத்தால் துடைக்கவும். நாடாவை அந்தத் தண்டோடு அழுத்திப் பிடிக்கும் உருளையான பிஞ்ச் ரோலரின் ரப்பர் இறுகிப் பளபளத்தால் அதையும் மாற்றிவிடுங்கள், நாடா சிக்கிக் கசங்குவதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

நாடா நொடிக்கு 4.76 செ.மீ. வேகத்தில் ஓட வேண்டும். 3,150 ஹெர்ட்ஸ் ஒலி பதிந்த சோதனைக் கேசட்டை ஓட்டி, அதிர்வெண் காட்டும் கைப்பேசிச் செயலியைப் பார்த்தபடி, அதே எண் வரும்வரை வேகத்தைக் கட்டுப்படுத்தும் சிறு திருகை மெல்லத் திருப்பினால் இதைச் சரிசெய்துவிடலாம். ஹெட்டின் சாய்வை மாற்றும் திருகை மட்டும், சுத்தம் செய்த பின்னும் பல கேசட்டுகளில் ஒலி மங்கலாகவே இருந்தாலொழியத் தொட வேண்டாம்.